சேமக்கலத்துக்குள்ள குரல்: ஐ.ஆர்., கொன்வொலூஷனை றிவேர்ப்புக்கு அப்பால் பயன்படுத்திறது

கனகராயனாறு

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கத்துக் கூத்துப் பாட்டுகளை வைச்சு ஒரு தொகுப்புக்கு மிக்ஸிங் நடக்குது. ஒரு ஆண் குரல், ஆர்மோனியம், மத்தளம், கைத்தாளம். பாட்டு 1 கட்டையில. ஐரோப்பியத் தேவாலயங்களின்ர ஐ.ஆர். (இம்பல்ஸ் றெஸ்பொன்ஸ், ஒரு இடமோ பொருளோ ஒரு சின்ன அடிக்கு எப்பிடி ஒலிக்குது எண்ட றெக்கோடிங்) எவ்வளவும் கிடைக்குது, ஆனா இந்தப் பாட்டுக்கு அது ஒட்டேல்லை. அதால இங்கத்தைய ஒலிகளையே ஐ.ஆர். ஆகப் போடப் பார்க்கிறன்: சேமக்கலத்தில ஒரு அடி (6 செக்கன், பலமான ஒலி 203 ஹேட்ஸில), ஒரு கட்டுக்கிணறு, உடுக்கு, வெறும் பரல் (பீப்பாய்).

ரீப்பர் எண்ட மிக்ஸிங் செயலியில ரியாவேர்ப் எண்ட கொன்வொலூஷன் ப்ளகின், 48 கிலோஹேட்ஸ், 24 பிட். மூண்டு சிக்கல். சேமக்கலத்தைப் போட்டால் குரல் சில சுரத்துக்கு வந்த உடனை மீட்டர் சிவக்குது, மற்ற இடத்தில கேக்கவே இல்லை. கிணறும் பரலும் போட்டால் எல்லாம் மந்தமாகிப் போகுது. மத்தளத்தில எதைப் போட்டாலும் தாளத்துக்குப் பிந்தி விழுது. ஆராவது வழி சொல்லுங்கோ.

மாங்குளச்சந்தி

தம்பி, மூண்டுக்கும் வேர் ஒண்டுதான். கொன்வொலூஷனில உங்கட குரலின்ர ஒவ்வொரு சாம்பிளும் அந்தச் சேமக்கலத்தை ஒருக்கா அடிக்குது. செக்கனுக்கு 48,000 அடி, ஒவ்வொரு அடியும் அந்தச் சாம்பிளின்ர அளவுக்குப் பெருசு அல்லது சிறுசு. அவ்வளவையும் கூட்டினதுதான் வெளிய வாறது. இதை மீடிறன் (அதிர்வெண்) பக்கத்தால பார்த்தால், இரண்டு ஒலியின்ர ஸ்பெக்ட்ரமும் ஒண்டோட ஒண்டு பெருக்குப்படுது. டெசிபெல்லில எண்டால் கூட்டுப்படுது. இரண்டிலையும் உள்ளதுதான் பெருக்கும். ஒண்டில இல்லாதது மற்றதில எவ்வளவு இருந்தாலும் வராது.

இப்ப சேமக்கலத்தைக் கணக்குப் பார்ப்பம். அதில 203 ஹேட்ஸில ஒரு பலமான ஒலி இருக்கு, அது 60 டெசிபெல் இறங்க 2 செக்கன் எடுக்குது எண்டு வைப்பம். 48 கிலோஹேட்ஸில அதின்ர தேய்வு மாறிலி கிட்டத்தட்ட 13,900 சாம்பிள். உச்சத்தை 0 டெசிபெல்லுக்கு நோமலைஸ் பண்ணியிருந்தால், சரியா அந்த மீடிறனில நிண்டு பாடுற சுரம் 13,900இன் பாதி, அதாவது கிட்டத்தட்ட 6,950 மடங்கு பெருக்குப்படும். அது 77 டெசிபெல். அதே ஐ.ஆருக்குள்ள இரைச்சல் மாதிரிப் பரந்த ஒலி போனால் பெருக்கம் ஒரு 59 மடங்குதான், 35 டெசிபெல். பரிவில (பொருள் தானா ஒலிக்கிற மீடிறனில) விழுந்த சுரத்துக்கும் மற்றதுக்கும் 42 டெசிபெல் வித்தியாசம். உங்கட மீட்டர் அதைத்தான் காட்டுது.

அதால உச்சத்துக்கு நோமலைஸ் பண்ணுறதை ஐ.ஆர். வேலையில விட்டுவிடுங்கோ. பிங்க் நொய்ஸை (சோதனை இரைச்சல்) மைனஸ் 18 டெசிபெல் ஆர்.எம்.எஸ். (சராசரி) அளவில அனுப்பி, ஈரப் பக்கத்தில, அதாவது ஐ.ஆருக்குள்ளால, வாறதும் மைனஸ் 18 ஆகும்வரை ஐ.ஆரின்ர கெய்னைக் குறையுங்கோ. சேமக்கலம், மணி, குடம் போல நீண்டு ஒலிக்கிறதுக்கு 30 தொடக்கம் 40 டெசிபெல் குறைக்க வேண்டி வரும், பயப்படாதேங்கோ.

அடுத்தது சுருதி. 1 கட்டைக்கு ஷட்ஜம் 130.81 ஹேட்ஸ், பஞ்சமம் 196 ஹேட்ஸ். 203 ஹேட்ஸ் ரெண்டிலையும் இல்லை. ஐ.ஆர். ஃபைலை 61 சென்ட், அதாவது ஒரு அரைச்சுரத்தில நூறில 61 பங்கு, இறக்கி (வேகத்தோட சேர்த்து இறக்கிற மாதிரி, நேரத்தைத் தக்க வைக்கிற பிட்ச் ஷிஃப்ட் வேண்டாம்) பஞ்சமத்தில உட்கார வையுங்கோ. பிறகு குரல் பஞ்சமத்துக்கு வாற ஒவ்வொரு தரமும் சேமக்கலம் தானா எழும்பும். அது அப்ப பிழை இல்லை, இசை.

முத்தையன்கட்டு

ஈரப் பக்கத்துக்கு ஒரு லிமிட்டர் போட்டால் முடியாதோ? இவ்வளவு கணக்கு எதுக்கு?

மாங்குளச்சந்தி

முத்தையன்கட்டு, லிமிட்டர் அந்த ஒரு சுரத்தை அமுக்கேக்கை அந்த நேரத்தில இருக்கிற மற்ற எல்லாத்தையும் சேர்த்து அமுக்கும். 42 டெசிபெல் வித்தியாசத்தை லிமிட்டரால சமப்படுத்தினால் மிஞ்சுறது ஒரு ஒற்றை ஊ எண்ட சத்தம்தான். ஐ.ஆரையே திருத்த வேணும். ஐ.ஆர். ஃபைலை ஒரு ட்ராக்கில போட்டு ஸ்பெக்ட்ரம் பாருங்கோ. மேல நிக்கிற மூண்டு நாலு கூர்முனை தெரியும். ஒவ்வொண்டுக்கும் ஒடுங்கிய ஈ.கியூ. வெட்டு, கியூ (எவ்வளவு ஒடுக்கம் எண்ட அளவு) 30க்கு மேல, 10 தொடக்கம் 20 டெசிபெல். சுருதியில உட்கார வைச்ச ஒண்டை மட்டும் கொஞ்சம் உயர விடுங்கோ. றெண்டர் பண்ணி அந்தப் புது ஃபைலை ஐ.ஆர். ஆகப் போடுங்கோ.

மந்தத்துக்கும் அதே விளக்கம்தான். குரலும் மேல போகப் போக இறங்குது, பரலும் இறங்குது. ஒவ்வொண்டும் ஒக்ரேவுக்கு 6 டெசிபெல் இறங்கினால் வெளிய வாறது 12 டெசிபெல் இறங்கும். ஐ.ஆருக்கு மட்டும் 1 கிலோஹேட்ஸை நடுவா வைச்சு ஒக்ரேவுக்கு 3 டெசிபெல் ஏறுற சரிவு கொடுங்கோ, 150 ஹேட்ஸுக்குக் கீழ வெட்டுங்கோ. போதாட்டில் 6 டெசிபெல் சரிவு. தனிய அந்த ஐ.ஆரைக் கேட்டால் கீச்செண்டு மெல்லிசா இருக்கும். அதைப் பார்த்துத் திரும்ப மாத்தாதேங்கோ. ஐ.ஆரைத் தனியக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

பாலியாறு

மாங்குளச்சந்தி அண்ணா சொன்னதோட மத்தளம் பிந்துறதுக்கும் சேர்த்துச் சொல்லுறன். ஐ.ஆர். ஃபைலின்ர தொடக்கத்தில இருக்கிற வெறுமை அப்படியே பிந்தலா மாறும். 40 மில்லிசெக்கன் வெறுமை இருந்தால் 40 மில்லிசெக்கன் பிந்தும். அலையைப் பெருப்பிச்சுப் பார்த்து, முதல் எழும்பலுக்கு ஒரு மில்லிசெக்கன் முன்னாலை வெட்டுங்கோ. ஆனா சேமக்கலத்துக்கு இது மட்டும் போதாது. பெரிய உலோகத் தட்டில உயர் மீடிறன்கள் அடிச்ச உடனை முழுசா வராமல் பத்துக் கணக்கான மில்லிசெக்கன் கழிச்சுத்தான் மலரும். மத்தளத்தின்ர கூரான அடி அந்த மலர்ச்சியால மழுங்கும். தாள வாத்தியத்துக்கு அடியோட உச்சம் வாற ஒலி வேணும்: சிரட்டை, பரலில மரத்தடி, குடம். அல்லது ஈரத்தை மைனஸ் 12 டெசிபெல்லுக்குக் கீழ வைச்சு, அடியை உலர்ந்த பக்கமே (மூல ஒலியே) கொடுக்க விடுங்கோ.

முடிவுப் பக்கமும் முக்கியம். 3 செக்கன் பாட்டும் 4 செக்கன் ஐ.ஆரும் சேர்ந்தால் 7 செக்கன் வரும். ஐ.ஆரின்ர வாலில பின்னணி இரைச்சல் இருந்தால், ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் அந்த இரைச்சல் ஒரு மூச்சு மாதிரித் தொடரும். ஒலி தேய்ஞ்சு இரைச்சலோட கலக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்கயிருந்து அடுக்குக்குறி வளைவில ஃபேட் அவுட். சடாரெண்டு வெட்டினால் அந்த வெட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் கேக்கும். 25 ஹேட்ஸில ஒரு ஹை-பாஸும் கட்டாயம். டி.சி. விலகல் (அலை பூச்சியக் கோட்டை விட்டுத் தள்ளி நிக்கிறது) கொஞ்சம் இருந்தாலும் அது பெருக்குப்பட்டு முழு அலையையும் ஒரு பக்கம் தள்ளும்.

கிணறு எப்பிடி றெக்கோட் பண்ணினது, தம்பி? கை தட்டினதோ?

கனகராயனாறு

நன்றி அக்கா, அண்ணா. சேமக்கலத்தை 61 சென்ட் இறக்கி, நாலு முனையையும் வெட்டின பிறகு குரல் நல்லாத் தெளிஞ்சு வருது. கிணறு கை தட்டலும், பலூன் உடைச்சதும். ரெண்டும் தனித்தனி ஃபைல், ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு. பலூனில கீழ்ப்பகுதி கொஞ்சம் இருக்கு, தட்டலில ஒண்டும் இல்லை.

பாலியாறு

கை தட்டலில 500 ஹேட்ஸுக்குக் கீழ சக்தி மிகக் குறைவு. பலூன் பரவாயில்லை, ஆனா ஒவ்வொரு பலூனும் வேற, எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி வெடிக்காது. சீனவெடி, ஓட்டப்போட்டித் துவக்கு பற்றி ஆரும் யோசிச்சால்: வன்னியில வேண்டாம். திடீர் வெடிச் சத்தம் அக்கம்பக்கத்துச் சனத்துக்கு எதை நினைவுபடுத்தும் எண்டு இங்க ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. ஸ்வீப் அதை விட எல்லா விதத்திலையும் நல்ல முறையும்கூட.

மீடிறன் அடுக்குக்குறியா ஏறுற சைன் ஸ்வீப்பைச் சொல்லுறன். ஆஞ்செலோ ஃபாரினா 2000ஆம் ஆண்டு பரிஸில நடந்த ஒடியோ பொறியியல் சங்க மாநாட்டில விளக்கின முறை. 50 ஹேட்ஸிலயிருந்து 20,000 வரை, 20 செக்கன், பிறகு 10 செக்கன் அமைதி. தொடக்கத்திலையும் முடிவிலையும் ஃபேட் கொடுங்கோ, இல்லாட்டில் டிக் எண்ட சத்தம் ஐ.ஆர். முழுக்கப் பரவும். ரூம் ஈ.கியூ. விசார்ட் இலவசம். அதில ஸ்வீப்பை வேவ் ஃபைலா எடுத்து, வெளிய வாசிச்சு றெக்கோட் பண்ணி, திரும்ப உள்ள போட்டு ஐ.ஆர். ஆக எடுக்கலாம்.

அந்தச் செயலி இல்லாட்டிலும் முடியும். ஸ்வீப்பைத் தலைகீழாக்கி (கடைசியிலயிருந்து தொடக்கத்துக்கு ஓடுற மாதிரி), உயர் மீடிறன் முழு அளவிலும் கீழ வரவர ஒக்ரேவுக்கு 6 டெசிபெல் குறைஞ்சும் வாற மாதிரி வீச்சத்தைச் சரிக்கட்டுங்கோ. அந்த ஃபைலையே ரியாவேர்ப்பில ஐ.ஆர். ஆகப் போட்டு, கிணத்தில எடுத்த றெக்கோடிங்கை அதுக்குள்ளால அனுப்பினால் வெளிய வாறது கிணத்தின்ர ஐ.ஆர். கொன்வொலூஷனாலேயே கொன்வொலூஷனைப் பிரிச்செடுக்கிறது, எனக்கு இந்தத் துறையில பிடிச்ச விசயமே இதுதான்.

பிழைக்கிற இடங்களைச் சொல்லுறன். புளூடூத் ஸ்பீக்கரை புளூடூத்தால ஓட விடாதேங்கோ, வயரைக் குத்துங்கோ. அப்பிடியும் சிலதுக்குள்ள இருக்கிற லிமிட்டர் சத்தம் கூடினால் தானா அமுக்கும், அதால முக்கால் வொலியூமுக்கு மேல போக வேண்டாம். போன் றெக்கோடரில தானியங்கி அளவுக் கட்டுப்பாடும் இரைச்சல் குறைப்பும் ஓஃப் ஆக வேணும். வட்ஸ்அப் வொயிஸ் மெசேஜில வந்த ஸ்வீப் ஒண்டுக்கும் உதவாது. வாசிக்கிற கருவியும் றெக்கோட் பண்ணுற கருவியும் வேற எண்டால் ரெண்டின்ர கடிகாரமும் ஒத்துப் போகாது. பத்து இலட்சத்தில 50 பங்கு வித்தியாசமே 20 செக்கனில ஒரு மில்லிசெக்கன் இழுபறி. ஐ.ஆரின்ர கூர்முனை ஒரு சின்னக் கீச்சலா நீண்டுவிடும். ஒரே இன்டர்ஃபேஸில வாசிச்சு எடுக்கிறதுதான் பாதுகாப்பு. ஏலாட்டில் ஸ்வீப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிளிக் வைச்சு, இடைவெளியை அளந்து, அந்த விகிதத்தில றீசாம்பிள் பண்ணுங்கோ.

கரண்ட் இல்லாத இடத்துக்கு ஜெனரேற்றர் கொண்டு போகாதேங்கோ. 12 வோல்ற் பற்றரியில ஓடுற அம்ப்ளிஃபயர் நல்லம். சோளகம் வீசுற மாதங்களில விடிய 5 தொடக்கம் 7 மணிதான் நேரம். காத்து அசையிற வெளியில கனக்கச் சின்ன ஸ்வீப் எடுத்துச் சராசரி போட்டால் உயர் மீடிறன் ஒண்டை ஒண்டு அழிச்சுக்கொள்ளும். ஒரு நீண்ட ஸ்வீப் எடுக்கிறது மேல், நீளத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலோட ஒப்பிடேக்கை 3 டெசிபெல் லாபம். ஸ்வீப் ஓடேக்கை நாய் ஒருக்காக் குரைச்சாலோ மோட்டச்சைக்கிள் வெடிச்சாலோ, அது ஐ.ஆரில மேலயிருந்து கீழ வழுகுற ஒரு விசிலா விழும். அப்பிடி விசில் கேட்டால் திரும்ப எடுக்க வேணும், ஈ.கியூ.வால அது போகாது.

இலுப்பை

அக்கா, கிணத்துக்கும் ஹியூம் குழாய் மதகுக்கும் மைக் எங்க வைக்கிறது? வட்டமான இடத்தில நடுவில வைச்சால் ஏன் எப்பவும் ஒரு ஊதல் வருது?

பாலியாறு

வட்டச் சுவர் ஒலியை நடு அச்சுக்குக் குவிக்கும். அதால மைக்கும் ஸ்பீக்கரும் ரெண்டுமே நடுவில இருக்கக் கூடாது. விட்டத்தின்ர மூண்டில ஒரு பங்கு தள்ளி வையுங்கோ, ரெண்டையும் ஒரே உயரத்தில வைக்காதேங்கோ.

30 பாகை செல்சியஸில ஒலி செக்கனுக்கு 349 மீற்றர். 3 மீற்றர் விட்டக் கிணத்தின்ர முதல் குறுக்குப் பரிவு 68 ஹேட்ஸ் அளவில நிக்கும், தண்ணி 10 மீற்றர் கீழ எண்டால் மேல கீழ போய்வாற எதிரொலி 57 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா. மாரியில தண்ணி ஏற அந்த இடைவெளி சுருங்கும், ஒரே கிணத்தில ஆவணியில ஒண்டும் மார்கழியில ஒண்டும் எடுத்தால் ரெண்டும் வேற வேற ஐ.ஆர். மைக்கைக் கயிற்றில இறக்குங்கோ, ஆள் இறங்கத் தேவையில்லை.

மதகுக் குழாய் இன்னும் சுவையானது. 0.9 மீற்றர் விட்டம் எண்டால் குறுக்குப் பரிவு 227 ஹேட்ஸ். குழாய்க்குள்ள உயர் மீடிறன் முதல் வந்து சேரும், குறுக்குப் பரிவுக்குக் கிட்டவான மீடிறன்கள் பிந்தி வரும். அதால ஒவ்வொரு கூரான ஒலிக்கும் பின்னால் மேலயிருந்து கீழ இறங்குற ஒரு சுழிப்புக் கேக்கும். மத்தளத்தின்ர இடந்தலைக்கு இதைப் போட்டுப் பாருங்கோ, கைத்தாளத்தின்ர சில்லறை ஒலியிலையும். குரலுக்கு வேண்டாம், எழுத்து விளங்காது.

வயல்வெளியிலையும் குளக்கட்டிலையும் ஸ்வீப் எடுத்துப் பெரிய பயன் இல்லை, திரும்பி வர ஒண்டும் இல்லை. காட்டோரம் வேற. மரத்தடிகள் ஒலியைச் சிதறடிச்சு மெல்லிய, அடிப்பகுதி இல்லாத ஒரு வால் தரும். 100 மீற்றர் தள்ளி நிண்டால் அது 573 மில்லிசெக்கன் கழிச்சு வரும். நெற்களஞ்சியம் எடுக்கிறதெண்டால் காலபோக அறுவடைக்கு முன்னம், வெறுமையா இருக்கேக்கை. மூட்டை அடுக்கினால் அந்த வால் முழுக்க மூட்டைக்குள்ள போயிடும்.

ஒண்டை அழுத்திச் சொல்லுறன். மதகு, கைவிட்ட கட்டடம், பத்தை எண்டு தேடிப் போறவை, மிதிவெடி அகற்றின இடமோ எண்டு ஊர்ச் சனத்திட்டக் கேளுங்கோ. சிவப்பு மண்டையோட்டு அடையாளம் நிக்கிற பக்கம் ஒரு அடியும் வைக்கக் கூடாது. மதகுக்குள்ள பாம்பு பார்த்திட்டு மைக் வையுங்கோ. கோயில், தேவாலயம் எண்டால் அனுமதி எடுத்து, பூசை இல்லாத நேரத்தில, மூலஸ்தானத்தை விட்டு வெளி மண்டபத்தில மட்டும்.

கனகராயனாறு

மிச்சம் நன்றி அக்கா. உடுக்குக்கு எப்பிடிச் செய்யிறது? ஒரு அடியை ஐ.ஆர். ஆகப் போட்டால் உடுக்கு எண்டே தெரியேல்லை, ஒரு டொக் மட்டும்.

இலுப்பை

உடுக்கின்ர உயிர் நாடாவை நெரிக்கேக்கை சுருதி ஏறி இறங்கிறதில இருக்கு. ஒரு ஐ.ஆர். ஒரு நிலையை மட்டும்தான் பிடிக்கும். ஓடேக்கை மாறுற எதையும் ஐ.ஆர். பிடிக்காது: சுருதி ஏற்றம், கொம்பிரெசர், சுழலுற ஸ்பீக்கர், ஒண்டும் வராது. அதால நாடாவைக் கட்டி வைச்சு மூண்டு நிலையில மூண்டு ஐ.ஆர். எடுங்கோ: தளர்வு, நடு, இறுக்கம். மூண்டு சென்ட் (send, ஒலியின்ர நகலை அனுப்புற) ட்ராக், மூண்டு ரியாவேர்ப். ஆர்மோனியத்தை மூண்டுக்கும் அனுப்பி, சென்ட் அளவை ஓட்டோமேஷனால ஒண்டிலயிருந்து ஒண்டுக்கு மாத்துங்கோ. ஒரே ப்ளகினுக்குள்ள ஐ.ஆரை மாத்தினால் கிளிக் வரும், வாலும் அறுபடும்.

இந்த முறைக்கு அடி வேண்டாம், தோலையே ஸ்வீப்பால அசைக்கலாம். ஒரு சின்ன எக்சைட்டரை (ஒட்டின பரப்பை அதிர வைக்கிற கருவி) ஒரு பக்கத் தோலில மெல்லிய இரட்டைப்பக்க ரேப்பால ஒட்டி, மற்றப் பக்கத் தோலில 27 மில்லிமீற்றர் பியசோ வட்டு (அதிர்வைப் பிடிக்கிற தட்டு). பரலுக்கும் கிடாரத்துக்கும் இதே முறைதான். பியசோவை மைக் இன்புட்டில குத்தாதேங்கோ. அந்த வட்டின்ர கொள்ளளவம் 20 நனோபரட் அளவு, மைக் இன்புட்டின்ர தடை 2 கிலோஓம் எண்டால் 4 கிலோஹேட்ஸுக்குக் கீழ எல்லாம் சரிஞ்சு போயிடும். இன்டர்ஃபேஸில கித்தார் இன்புட், 1 மெகாஓம், அதில குத்தினால் 8 ஹேட்ஸ் வரை நேரா வரும். பியசோ மெல்லிசாக் கீச்சிடுது எண்டு சனம் சொல்லுறதில பெரும்பகுதி இந்தப் பொருத்தமின்மைதான்.

முத்தையன்கட்டு

தாளத்தையே ஐ.ஆர். ஆகப் போடுறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே.

இலுப்பை

சொல்லத்தான் வந்தனான். இது எல்லாத்திலையும் எளிசு, மைக்கே வேண்டாம். வெறும் ஃபைலில ஒற்றைச் சாம்பிள் கூர்முனைகளை வைச்சால் அது ஒரு டிலே. நிமிடத்துக்கு 96 அடி எண்டால் ஒரு அடி 625 மில்லிசெக்கன், அதின்ர காற்பங்கு 156.25 மில்லிசெக்கன், 48 கிலோஹேட்ஸில சரியா 7,500 சாம்பிள். மிஸ்ர சாபுக்கு 3, 2, 2 எண்ட பிரிவில 0, 22,500, 37,500 இடங்களில முனை, 52,500இல திரும்ப முதல். ஒவ்வொரு சுற்றுக்கும் 4 டெசிபெல் குறைச்சு நாலு சுற்று.

அந்த முனைகளின்ர இடத்தில 40 மில்லிசெக்கன் நீளமான ஒலித் துண்டுகளை வையுங்கோ. முதல் இடத்தில உடுக்கு, ரெண்டாவதில குடம், மூண்டாவதில பரல். இப்ப குரலில வாற ஒவ்வொரு க, ட, த எழுத்தும் அந்த வரிசையில மூண்டு வேற பொருளில போய் மோதித் திரும்பும். இதுக்குள்ள அனுப்புறது ஐதா இருக்க வேணும். நீட்டி இழுக்கிற சுரம் போனால் எல்லாம் ஒண்டாக் கலந்து தாளம் தெரியாமல் போகும். குரலில வல்லெழுத்துகளை மட்டும் கேட் போட்டுப் பிரிச்சு அனுப்புங்கோ.

தலைகீழ் ஐ.ஆரும் உண்டு. சேமக்கலத்தை 1.25 செக்கனுக்கு வெட்டி, அதாவது 96இல இரண்டு அடி, ரியாவேர்ப்புக்குள்ளயே தலைகீழாக்குங்கோ. எழும்பல் அடியோட முடிய வேணும் எண்டால், சென்ட் ட்ராக்கை றெண்டர் பண்ணி 1.25 செக்கன் முன்னாலை நகர்த்துங்கோ. ஓடுற நேரத்தில அப்பிடிச் செய்ய வழியில்லை.

மாங்குளச்சந்தி

இலுப்பை சொன்ன துண்டு முறைக்கு ஒரு எச்சரிக்கை: துண்டுகளுக்கு 2 மில்லிசெக்கன் ஃபேட் வையுங்கோ, இல்லாட்டில் உடுக்கின்ர நிறத்தை விட வெட்டின விளிம்பின்ர நிறம்தான் கேக்கும்.

இன்னும் இரண்டு முறை. ஃபைலை வேகம் குறைச்சு இரண்டு மடங்கு நீளமாக்கினால், 1,000 லீற்றர் பிளாஸ்ரிக் தண்ணித் தாங்கி எல்லாப் பக்கத்தாலும் இரண்டு மடங்கு பெருசான ஒரு தாங்கியாக் கேக்கும். அதின்ர 186 ஹேட்ஸ் பரிவு 93க்கு இறங்கும். ஆனா உயர் எல்லையும் 24 கிலோஹேட்ஸிலயிருந்து 12க்கு இறங்கும். அதால இப்பிடி இழுக்க நினைக்கிற ஒலிகளை 96 கிலோஹேட்ஸில எடுங்கோ, உங்கட மைக் அந்த உயரம் வரை கேக்குமோ எண்டும் பாருங்கோ. இதோட சேர்த்து: 44.1இல எடுத்த ஐ.ஆரை றீசாம்பிள் பண்ணாமல் 48 எண்டு வாசிச்சால் ஒண்டரை அரைச்சுரம் அளவு ஏறும். கனக்க ப்ளகின் தானா மாத்தும், ஆனா சுருதி பார்த்துச் செய்யிற வேலையில கையால மாத்திறது நல்லம்.

மற்றது, நீங்களே செய்யிற ஐ.ஆர். வெள்ளை இரைச்சல், இடத்துக்கும் வலத்துக்கும் வேற வேற இரைச்சல், அதுக்கு அடுக்குக்குறித் தேய்வு. ஸ்பெக்ட்ரம் சமன் எண்டதால எந்தச் சுரமும் துள்ளாது. உங்கட தொகுப்புக்கு நான் இப்பிடிச் செய்வன்: இந்த இரைச்சல் வாலைச் சேமக்கலத்தின்ர ஐ.ஆரோட ஒருக்காக் கொன்வொல்வ் பண்ணி றெண்டர். கிடைக்கிற ஃபைலில சேமக்கலத்தின்ர நிறம் இருக்கும், அடியின்ர கூர்மை இருக்காது, ஸ்டீரியோ அகலமும் வந்திடும். ஒரு ஒற்றை மைக் றெக்கோடிங்கை அகலமாக்கிறதுக்கு இதை விட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

கனகராயனாறு

கோயில் திருவிழாவில மரத்தில கட்டுற குழாய் ஒலிபெருக்கியின்ர நிறத்தைக் குரலுக்குக் கொண்டு வரலாமோ? அதை ஸ்வீப் பண்ணி எடுத்தன், ஆனா மிகவும் சுத்தமாக் கேக்குது.

பாலியாறு

அந்தக் கரகரப்பு நேர்கோட்டில இல்லாத சிதைவு. ஐ.ஆர். நேர்கோட்டுப் பகுதியை மட்டும் வைச்சுக்கொள்ளும். குழாயின்ர மூக்கொலி, நடு மீடிறன் தூக்கல் எல்லாம் வந்திருக்கும், அம்ப்ளிஃபயர் முட்டுறது வராது. ரியாவேர்ப்புக்கு முன்னால ஒரு சச்சுரேஷன் (சிதைவு தாற ப்ளகின்) போடுங்கோ, பின்னால இல்லை. முன்னால போட்டால் சிதைவு குழாய்க்குள்ளால போய் அதின்ர நிறத்தை எடுக்கும். பின்னால போட்டால் புதுசா உண்டாகிற உயர் மீடிறன் வடிகட்டப்படாமல் வெளிய நிக்கும், அங்கதான் பொய் தெரியும். அதுக்கு மேல காட்டோர ஐ.ஆரை மெல்லிசா, 300 தொடக்கம் 500 மில்லிசெக்கன் பிந்தலோட.

உங்கட ஸ்வீப் றெக்கோடிங்கை எறிய வேண்டாம். ஃபாரினாவின்ர முறையில சிதைவு தனியப் பிரிஞ்சு முதன்மை ஐ.ஆருக்கு முன்னாலை விழும். 50 தொடக்கம் 20,000 வரை 20 செக்கன் ஸ்வீப் எண்டால் இரண்டாம் ஹார்மோனிக் 2.31 செக்கன் முன்னாலை, மூண்டாவது 3.67 செக்கன் முன்னாலை. கனபேர் அதை வெட்டி விடுகினம். நீங்கள் மூண்டாம் ஹார்மோனிக்கின்ர துண்டைத் தனி ஃபைலா எடுத்து, அதை ஒரு ஐ.ஆர். ஆகக் கைத்தாளத்துக்குப் போட்டுப் பாருங்கோ. அந்தக் குழாய் எங்க கத்துதோ அந்த இடங்கள் மட்டும் ஒலிக்கும்.

முத்தையன்கட்டு

கடைசியா ஒண்டு. பழைய லப்டொப், 4 ஜிபி றாம். மூண்டு ரியாவேர்ப்போடயே திணறுது. 10 செக்கன் ஐ.ஆர். எல்லாம் நினைக்கவே ஏலாது.

மாங்குளச்சந்தி

10 செக்கன் ஐ.ஆரை நேராப் பெருக்கினால் ஒரு சனலுக்குச் செக்கனுக்கு 2,304 கோடிப் பெருக்கல். எஃப்.எஃப்.டி.யால (ஒலியை மீடிறன்களாப் பிரிக்கிற வேகமான கணக்கு) துண்டு துண்டாச் செய்யிறதாலதான் சாதாரணக் கொம்பியூட்டரில ஓடுது. முதல் துண்டைச் சின்னனா வைச்சுத் தாமதமில்லாமல் செய்யிற வழியை வில்லியம் கார்டனர் 1995இல எழுதினவர். அந்தத் தாமதமின்மைக்குத்தான் சி.பி.யூ. விலை கொடுக்குது. ரியாவேர்ப்பில தாமதமில்லாத தெரிவை ஓஃப் பண்ணுங்கோ, மிக்ஸிங்கில அது தேவையில்லை, ரீப்பர் தாமதத்தைத் தானா ஈடு செய்யும். பஃபரை 1,024க்கு ஏத்துங்கோ. ஐ.ஆர். மோனோ எண்டால் ஸ்டீரியோ ஃபைலாச் சேமிச்சு வைக்காதேங்கோ, இரண்டு மடங்கு வேலை. வால் மைனஸ் 60க்குக் கீழ போன இடத்தில வெட்டுங்கோ, 10 செக்கன் ஃபைல் கனதரம் 5 செக்கனா வரும். நீண்டதுகளை ஒவ்வொண்டா ஃப்ரீஸ் பண்ணுங்கோ (றெண்டர் பண்ணி ப்ளகினை நிப்பாட்டிறது). றெண்டர் பண்ணினதை வைச்சு வெட்டுறது, தலைகீழாக்கிறது, இன்னொருக்கா வேற ஐ.ஆருக்குள்ள போடுறது எல்லாம் ஓடுற ப்ளகினில செய்யிறதை விடச் சுகம்.

கனகராயனாறு

இரைச்சல் வாலைச் சேமக்கலத்தோட கொன்வொல்வ் பண்ணின ஃபைல் வேலை செய்யுது அண்ணா. 4 செக்கன், குரலுக்குக் கீழ மைனஸ் 14. பஞ்சமத்தில கொஞ்சம் கூட நிக்குது. அந்த 196 ஹேட்ஸை ரெண்டாம் தரமும் வெட்ட வேணுமோ?

மாங்குளச்சந்தி

குரலுக்குள்ள வெட்டாதேங்கோ தம்பி. ஐ.ஆர். ஃபைலில 3 டெசிபெல், கியூ 40. ஆர்மோனியமும் அதே ஐ.ஆருக்குள்ள போகுதெண்டால் 6. ஆர்மோனியம் பஞ்சமத்தைப் பிடிச்சுக்கொண்டே இருக்கும், பரிவு முழுசா ஏற அதுக்கு நேரம் கிடைக்கும். குரல் அங்க அவ்வளவு நேரம் நிக்காது.